நோ நின்ற பிறகு

இரவு இரண்டு மணிக்கு ரெலிபோன் அடித்தால் ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். முப்பது வருடக் கனடா வாழ்க்கை பழக்கிவைத்த பயம் அது. 2024 ஒக்ரோபரில் ஓர் இரவு அப்படி அடித்தபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் எடுத்தேன். அழைப்பு ஊரிலிருந்து அல்ல. ஸ்காபரோவிலேயே, பத்து நிமிடத் தூரத்தில், தங்கையோடு இருக்கும் அம்மா.

"தம்பி, முழிச்சிருக்கிறியோ?"

"இப்ப முழிச்சிட்டன். என்னம்மா?"

"ஒண்டுமில்லை. பல்லுக் கொதிக்குது."

அம்மா 'ஒண்டுமில்லை' என்று தொடங்கினால் விசயம் பெரிது. விசாரித்தால் அது நாலாவது இரவு. படுத்தால் கூடுகிறது என்று கதிரையில் இருந்தபடியே விடிய வைக்கிறார். கராம்பு வைத்தாயிற்று, உப்புத் தண்ணீர் கொப்பளித்தாயிற்று, ரைலெனோல் போட்டாயிற்று. ஐஸ் தண்ணீரை ஒரு மிடறு வாயில் வைத்திருக்கும்போது மட்டும் அடங்குகிறது. விழுங்கியதும் திரும்பத் தொடங்குகிறது. தங்கைக்குக் காலையில் வேலை, அவளை எழுப்பக்கூடாதாம். என்னை எழுப்பலாம்.

"விடிஞ்சதும் கூட்டிக்கொண்டு போய் இதைப் பிடுங்கி எறிஞ்சு விடு" என்றார்.

அம்மாவைப் பொறுத்தவரை பல்லுக்கு ஒரே வைத்தியம் பிடுங்குவது. அதற்குக் காரணம் இருக்கிறது. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பிறகு பல வருடங்களுக்கு வரவில்லை. மருந்துக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு. பல்லைக் குடைந்து அடைக்கும் இயந்திரத்துக்குக் கரண்ட் வேண்டும், குறட்டுக்கு வேண்டியதில்லை. அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களை அந்த வருடங்களில் அம்மா ஒவ்வொன்றாகக் குறட்டுக்குக் கொடுத்தார். விறைப்பூசியும் அளந்துதான் போட்டார்களாம். "பாதியை ஊசி விறைக்கப் பண்ணிச்சுது, மிச்சத்துக்குக் கதிரையை இறுக்கிப் பிடிச்சன்" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். எங்கள் பெற்றோரின் வாயைத் திறந்து பார்த்தால் அந்த வருடங்கள் தெரியும்.

இப்போது கொதித்த பல், கீழ்த்தாடையில் இடப்பக்கம் கடைசியாக மிஞ்சியிருந்த கடைவாய்ப் பல். அதற்கு முன்னால் இருந்த மூன்றும் எப்போதோ போய்விட்டன. அந்த இடத்தில் கழற்றிப் போடும் செற் ஒன்று வைத்திருக்கிறார். அதன் கம்பிக் கொளுக்கி மாட்டியிருப்பது இந்தப் பல்லில்தான். இதைப் பிடுங்கினால் போவது ஒரு பல் அல்ல, நாலு.

பல் வைத்தியர் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் முழுக்க விளங்கும். பேசும்போது வினைச்சொற்கள் மட்டும் கொஞ்சம் தடுமாறும். "அன்ரி, நோ எப்பிடி?" என்று கேட்டுவிட்டுப் பேனாவோடு காத்திருந்தார். மொழிபெயர்க்க நான் ஆயத்தமாக இருந்தேன். தேவைப்படவில்லை.

"முதல் கூசிச்சுது பிள்ளை. ஐஸ்கிறீம் சாப்பிட்டால் சுரீர் எண்டும், உடனை போயிடும். அது போன மாசம். பிறகு தேத்தண்ணி குடிச்சால் கொதிக்கத் தொடங்கும், அரை மணித்தியாலம் நிக்கும். இப்ப சும்மா இருக்கவும் விண் விண்ணெண்டு தெறிக்குது. அந்தப் பக்கம் கடிக்க ஏலாது."

ஐஸ் தண்ணீர்க் கதையை நான் சேர்த்துச் சொன்னேன். வைத்தியர் எழுதுவதை நிறுத்தினார். "அது எனக்குக் காணும், அண்ணா" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. நாங்கள் வாய்க்கு வந்தபடி சொல்கிறோம் என்று நினைக்கும் நோவுச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டம். குளிர் பட்டதும் கூசி, குளிர் போனதும் கூச்சமும் போய்விட்டால், பெரும்பாலும் பல்லின் உள்நரம்பு இன்னும் தப்பக்கூடிய நிலையில் இருக்கிறது. சூத்தையைச் சுரண்டி அடைத்தால் போதும். சூடோ குளிரோ போன பிறகும் நிமிடக்கணக்கில் கொதித்தால், இரவில் தானாகத் தொடங்கினால், நரம்பு திரும்பி வரமுடியாத இடத்துக்குப் போய்விட்டது. கடிக்க நோகிறது என்றால் வேர் நுனிக்கு வெளியே, எலும்புப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. சூட்டில் கூடிக் குளிரில் அடங்குவது கெட்டுப்போன நரம்பின் பழைய அடையாளம். ஆகவே வைத்தியர் கேட்கும்போது 'சரியான நோ' என்று ஒரு சொல்லில் முடிக்கக்கூடாது. எப்போது, எதனால், எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லவேண்டும். எக்ஸ்ரே காட்டாததை அந்த மூன்றும் காட்டும்.

அவர் பஞ்சில் குளிர் மருந்து தொட்டு முதலில் நல்ல பல் ஒன்றில் வைத்தார், பிறகு இந்தப் பல்லில். கண்ணாடிப் பிடியால் மெல்லத் தட்டினார். அம்மா கதிரையை இறுக்கிப் பிடித்தார். படத்தில் ஒரு வேரின் நுனியில் சின்னதாக ஒரு கருமை. அந்த இடத்தில் எலும்பு கரைந்திருக்கிறது.

பல்லின் உள்ளே ஒரு சிறு அறை இருக்கிறது. அதில் நரம்பும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த மெல்லிய சதை. வேர்களின் நடுவால் ஓடும் நூல் போன்ற குழாய்களின் வழியாகத்தான் அது தாடையோடு தொடர்பு வைத்திருக்கிறது. உடம்பில் வேறெங்கு வீங்கினாலும் தோல் விட்டுக்கொடுக்கும். பல்லின் சுவர் விட்டுக்கொடுக்காது. வீக்கம் உள்ளேயே நெரிபடுகிறது. படுக்கும்போது தலைக்கு இரத்தம் கூட ஓடுவதால் இன்னும் நெரிபடுகிறது. அம்மாவின் நாலு இரவுகளுக்கும் காரணம் அதுதான்.

"அன்ரிபயோற்றிக் தந்தால் மாறாதோ?" என்று நான் கேட்டேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியாம். மருந்து இரத்தத்தோடுதான் போகவேண்டும். செத்துக்கொண்டிருக்கும் நரம்புக்கு இரத்தம் போவதில்லை. வீக்கம் பரவினால், காய்ச்சல் வந்தால் அது துணைக்கு வரும். பல்லுக்குள் இருப்பதை அதனால் துடைக்க முடியாது. அதைத் திறந்துதான் எடுக்கவேண்டும்.

அம்மா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி பிள்ளை, பிடுங்கிவிடுங்கோ" என்றார்.

வைத்தியர் சிரிக்கவில்லை. என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்டார். பிறஷருக்கு ஒன்று, கொலஸ்ரரோலுக்கு ஒன்று. எலும்பு பலத்துக்குக் கிழமைக்கு ஒன்று, அதை அம்மா சொல்ல மறந்துவிட்டார். நான் ரெலிபோனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அந்தக் கடைசிக் குளிசையைக் கண்டதும் வைத்தியர் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அந்த வகை மருந்தை வருடக்கணக்கில் எடுப்பவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் பல்லைக் காப்பாற்ற வழி இருக்கும்போது அந்த ஆபத்தை ஏன் எடுக்கவேண்டும்? பிடுங்குவதுதான் சின்ன வேலை என்று நினைத்துக்கொண்டு போன எங்களுக்கு அது புதிது. பெற்றோரைப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போகிறவர்கள் குளிசைப் பெட்டியையும் கொண்டுபோங்கள்.

அன்றிரவு குடும்ப வாட்ஸப்பில் செய்தி பரவியது. உடனே பெரியப்பாவின் மகன் ஒருவர் லண்டனிலிருந்து ஒரு வீடியோவை அனுப்பினார். ரூட் கனால் செய்த பல் உடம்புக்கு நஞ்சு, புற்றுநோய்வரை கொண்டுபோகும் என்று ஒருவர் அதில் பேசினார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வீடியோவில் இருந்தது புதுக் கதை அல்ல. 1910இல் வில்லியம் ஹன்ரர் என்ற பிரித்தானிய மருத்துவர் மொன்றியலுக்கு வந்து மக்கில் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அழுகிய பற்களுக்கு மேல் தங்கத்தால் மூடிக் கட்டுவது உடம்பெங்கும் நோயைப் பரப்புகிறது என்றார். அவர் பார்த்தது உள்ளே துப்புரவாக்காமல் மூடப்பட்ட பற்களை. அந்த அளவில் கோபம் நியாயமானதே. அதற்குப் பிறகு அமெரிக்கப் பல் வைத்தியர் வெஸ்ரன் பிறைஸ் செய்த சோதனைகள் அந்தப் பயத்தை ஊதிப் பெருக்கின. வாதத்துக்கும் மனநோய்க்கும் கூடப் பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். பிடுங்கியும் நோய்கள் மாறவில்லை. பிறைஸின் சோதனைகள் ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. நூறு வருடத்துக்கு முன் கிளம்பி, பின்னால் கைவிட்ட சந்தேகம் லண்டன் வழியாக ஸ்காபரோவுக்கு வந்து என் அம்மாவின் படுக்கையறையில் நின்றது. அதைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது.

முதல் அமர்வு ஒன்றரை மணித்தியாலம். வீங்கிய நரம்பு ஊசிக்கு இலேசில் அடங்காது. இரண்டாவது ஊசி போடவேண்டி வந்தது. "நோகிது எண்டால் கையைத் தூக்குங்கோ, நான் நிப்பாட்டுவன்" என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பொறுத்துப் பழகிய அம்மாவை ஒருதடவை கையைத் தூக்க வைக்க நான்தான் கண்காட்ட வேண்டியிருந்தது. பொறுத்துக்கொள்வது அங்கே ஒரு தகுதி அல்ல.

பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினார்கள். அந்தப் பல் மட்டும் ஓட்டை வழியாக வெளியே தெரிந்தது. "வாய்க்குப் படங்கு கட்டிப்போட்டாள்" என்று பிறகு அம்மா சொன்னார். 1864இல் நியூயோர்க்கில் பார்ணம் என்ற பல் வைத்தியர் கண்டுபிடித்த விசயம் அது. எச்சிலில் இருக்கும் கிருமி பல்லுக்குள் போகாமலும், மெல்லிய அரங்கள் தொண்டைக்குள் விழாமலும் தடுக்கிறது. ரூட் கனால் செய்யும்போது அது போடுவீர்களா என்று முன்கூட்டியே கேட்பதில் பிழையில்லை.

அம்மாவின் பல்லில் இரண்டு வேர், மூன்று குழாய். தலைமயிர் போன்ற அரங்களால் ஒவ்வொன்றையும் நுனிவரை சுரண்டி, துணி வெளுக்கும் திரவத்தின் வகையான ஒரு மருந்தால் கழுவிக் கழுவி எடுத்தார். ஒரு குழாயைத் தவறவிட்டாலும் பல் பிறகு கரைச்சல் தரும். குழாய்கள் வளைந்தோ ஒடுங்கியோ இருந்தால் வேர்ச் சிகிச்சைக்கென்றே படித்த நிபுணரிடம் அனுப்புவார்கள். அப்படி அனுப்பினால் கோபிக்கக்கூடாது. கடைசியில் உள்ளே வெள்ளை மருந்து ஒன்றை வைத்துத் தற்காலிகமாக மூடினார்.

"என்ன மருந்து பிள்ளை அது?"

வைத்தியர் சொன்ன பெயரை நான் தமிழாக்கினேன். நீறின சுண்ணாம்பு.

"வெத்திலைக்குப் போடுறதோ?"

அதே சரக்குத்தான், துப்புரவாக்கியது. மூடியில் இருந்து கராம்பு மணம் வந்தது. பல் வைத்தியசாலைகளில் அடிக்கும் அந்த மணம் கராம்பு எண்ணெயின் மணம். அம்மா நாலு இரவுகள் செய்த வைத்தியம் முட்டாள்தனம் அல்ல. வாசலில் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அன்றிரவு அம்மா படுத்துத் தூங்கினார். இரண்டு நாள் கடிக்கும்போது கொஞ்சம் நோ இருந்தது. நரம்பை எடுத்தாலும் பல்லைத் தாடையோடு பிடித்திருக்கும் நார்களுக்கு உயிர் இருக்கிறது, அது வழமையானது என்று முதலே சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் அதுவும் இல்லை. இரண்டாவது அமர்வுக்கு முதல் நாள் ரெலிபோன் வந்தது. இந்தமுறை பகலில்.

"தம்பி, நாளைக்கு நீ லீவு போடாதை. நோ நிண்டிட்டுது. இனி என்னத்துக்கு?"

நான் வேலை முடித்து நேரே அங்கே போனேன். குசினியில் அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். முன்னால் இருந்து வாயைத் திறந்து வலப்பக்கக் கீழ் இடைவெளியைக் காட்டினேன்.

"இது எப்ப போனது?"

நான் அவரிடம் சொல்லாத கதை அது. 2009 மாசியில் எனக்கும் இப்படித்தான் கொதித்தது. பத்து நாள் குளிசையோடு வேலைக்குப் போனேன். ஒரு காலையில் நோ நின்றுவிட்டது. மாறிவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் நரம்பு செத்துவிட்டது. செத்த நரம்பு நோகாது. அதற்குள் கிருமி வாழ்வதும் நிற்காது. ஆவணி மாதம் தாடை வீங்கி வாயைத் திறக்க முடியாமல் போனது. அந்தக் கட்டத்தில் காய்ச்சலோ, விழுங்கக் கஷ்டமோ, நாக்குக்குக் கீழ் வீக்கமோ வந்தால் பல் வைத்தியரைத் தேடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவேண்டும். வீக்கம் மூச்சை அடைக்கலாம். எனக்கு அது தெரியாது. தற்செயலாகத் தப்பினேன்.

பல்லைத் திறந்து, வடியவிட்டு, சுத்தமாக்கித் தற்காலிகமாக அடைத்தார்கள். மிச்ச வேலைக்கும் கிரவுனுக்குமாகக் கேட்டது ஏறக்குறைய 2,200 டொலர். நான் வேலை செய்த தொழிற்சாலையில் பல் காப்புறுதி இல்லை. ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி சாதாரண பல் வைத்தியத்துக்குக் காசு கொடுப்பதில்லை. அந்த மாதங்களில் அக்கா குடும்பம் வவுனியாவில், மெனிக் பாம் முகாமில் இருந்தது. நோவும் நின்றிருந்தது. நான் திரும்பிப் போகவில்லை. தற்காலிக அடைப்புச் சில கிழமைக்குத்தான் தாங்கும் என்று சொல்லியிருந்தார்கள். நான் அதை ஒன்பது மாதம் வைத்திருந்தேன். 2010இல் ஒருநாள் கச்சான் கடித்தபோது பல் வேர்வரை இரண்டாகப் பிளந்தது. குறடுதான்.

அம்மா கத்தியை வைத்தார்.

"அந்தக் காசுதானே அக்காவுக்கு வந்தது?"

"ஓம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த வருடம் அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். நான் அனுப்பிய ஒவ்வொரு தொகையும் அவருக்கு நினைவிருக்கும்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு?" என்றார்.

இரண்டாவது அமர்வில் குழாய்களை நிரப்பினார்கள். நிரப்பியது குட்டா பெர்ச்சா என்ற மரப்பால். மலாயாக் காடுகளின் மரம் ஒன்றில் இருந்து எடுப்பது. 1866இல் அயர்லாந்தில் இருந்து அத்திலாந்திக் கடலடியால் நியூபவுண்ட்லாந்துக்கு இழுத்த தந்திக் கம்பிக்கு உறையாக இருந்ததும் அதுதான். தண்ணீர் புகாது, உடம்போடும் சண்டை பிடிக்காது. அம்மாவின் அப்பா மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். இதைச் சொன்னபோது, "அப்பு ரப்பர்ப் பால் மணத்தைப் பற்றித்தான் எப்பவும் கதைப்பார்" என்றார் விறைத்த வாயோடு. கன்னம் கடிபட்டுவிடும் என்று விறைப்பு இறங்கும்வரை நான் ஒன்றும் சாப்பிட விடவில்லை.

குழாய் நிரப்பியதோடு வேலை முடிவதில்லை. உள்ளே குடைந்த கடைவாய்ப் பல் வெளிச்சுவர் மட்டும் நிற்கும் வீடு போல. கடிக்கும் பாரத்தைத் தாங்க மேலே கிரவுன் வேண்டும். என் பல்லைக் கொன்றது கிருமி அல்ல, கிரவுன் இல்லாமை. ஆகவே முதல்நாளே முழுத் தொகையையும் கேளுங்கள்: வேர்ச் சிகிச்சை, நடுவில் கட்டியெழுப்புவது, கிரவுன், மூன்றும் சேர்த்து. இந்தப் பல்லில் கிரவுன் நிற்க அளவாகச் சுவர் மிச்சம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் பிடுங்குவதுதான் நேர்மையான பதில். பல காப்புறுதிகள் வேர்ச் சிகிச்சைக்குக் கொடுக்கும் வீதத்தைக் கிரவுனுக்குக் கொடுப்பதில்லை. முன்கூட்டியே மதிப்பீடு அனுப்பச் சொன்னால் உங்கள் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. 2023 டிசம்பரில் கனடா பல் பராமரிப்புத் திட்டத்துக்கு முதியவர்களைப் பதியத் தொடங்கி, 2024 மே மாதத்தில் இருந்து வைத்தியம் கொடுக்கிறார்கள். வேறு பல் காப்புறுதி இல்லாத, வருமான வரி தாக்கல் செய்த, குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைந்தவர்களுக்கு. கிரவுனுக்கு முன் அனுமதி வேண்டும், வைத்தியரின் கட்டணம் திட்டத்தின் அளவைவிடக் கூடினால் மிச்சம் எங்கள் கையால். அனுமதி வரும்வரை அந்தப் பக்கம் கடிக்கவேண்டாம் என்று வைத்தியர் சொன்னார். மிச்சத்தை நானும் தங்கையும் பங்குபோட்டோம். செற்றின் கொளுக்கிக்கு ஏற்றமாதிரி கிரவுனைச் செய்தார்கள். அம்மா பழைய செற்றையே போட்டுக்கொண்டு தைப்பொங்கலுக்கு முறுக்குக் கடித்தார், மற்றப் பக்கத்தால்.

எல்லா வேர்ச் சிகிச்சையும் வெல்வதில்லை. பெரும்பாலானவை வெல்லும், சில திரும்பச் செய்யவேண்டி வரும். எலும்பு ஆற மாதக்கணக்காகும். அதனால் நோ இல்லாவிட்டாலும் ஒரு வருடம் கழித்துப் படம் எடுக்கவேண்டும். 2025 நவம்பரில் எடுத்தோம். வைத்தியர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் இருந்த கருமையின் இடத்தில் புதியதில் எலும்பின் வலை தெரிந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

பிறகு எழும்பிக் கதிரையைக் காலி செய்துவிட்டு, "பிள்ளை, இவனையும் ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

"எனக்கு ஒண்டுமில்லை" என்றேன்.

வைத்தியர் பேனாவை எடுத்தார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இடப்பக்கம் மேலை," என்றேன், "கொஞ்ச நாளாய்க் கூசுது."